தீவுகளில் வாடகைத் தொழில்: ஆள் அமைப்பும் அலுவலகத் தகவல் தொடர்பும்

வீடுகளையும் அறைகளையும் வாடகைக்கு விடும் ஒருவரிடம் அவருடைய தொழிலின் முதல் எது என்று வினவினால், தயங்காமல் கட்டிடத்தைச் சுட்டிக் காட்டுவார். அவருடைய கணக்கேடும் அவ்வாறே கூறும். நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு, வங்கிக் கடன், ஆண்டுத் தேய்மானம் என அதிலுள்ள பெரிய தொகைகள் எல்லாம் கல்லையும் சிமெண்டையும் பற்றியவை. ஆட்களுக்கான ஊதியம் பலவகைச் செலவுகளுடன் சேர்ந்து ஒரு வரியில் முடிந்துவிடும். தொலைபேசிக் கட்டணம் அந்த வரியிலும் இடம் பெறாமல் உரிமையாளரின் சொந்தச் செலவில் கலந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ இவ்வாறு நடத்தப்படும் தொழில் பெரிய சேதமின்றி ஓடுகிறது. குழாய் உடைந்தால் உரிமையாளர் பேருந்தேறி வந்து பார்த்துவிடலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலோ கட்டிடம் இருக்கும் இடத்துக்கும் முடிவெடுப்பவர் இருக்கும் இடத்துக்கும் நடுவே பல நேரங்களில் கடல் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவோர் அங்குள்ள ஆட்கள். அவர்களை இயக்குவது செய்தி. ஆகவே இங்கு ஆள் அமைப்பையும் தகவல் தொடர்பையும் ஒரே திட்டமாகத் தீட்ட வேண்டியுள்ளது. அதை எவ்வாறு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை நான் முதலில் ஏட்டில் கற்கவில்லை. அலுவல் காரணமாகப் போர்ட் பிளேரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். (2024 செப்டம்பரில் அந்நகரம் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது, மக்கள் வழக்கில் பழைய பெயர் இன்னும் நிலைத்திருப்பதால் இங்கும் அதையே ஆள்கிறேன்.) வாடகைக்கு எடுத்த மாடி வீட்டின் உரிமையாளர் தாய்நிலத்தில் இருந்தார். கீழே ஒரு காவலாளி. ஒரு கோடையில், இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வந்து கொண்டிருந்த வேளையில், நீரேற்றும் மோட்டார் எரிந்து போயிற்று. பழுது பார்க்கச் சில நூறு ரூபாய் போதும். காவலாளி நல்லவர், சுறுசுறுப்பானவர். ஆனால், “ஓனரைக் கேட்காம நான் கை வைக்க முடியாது சார்” என்றார். உரிமையாளரோ பயணத்தில் இருந்தார். தொலைபேசித் தொடர்பு கிடைக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாளும் அடுத்த வீட்டுக் கிணற்றில் நீர் சேந்தினோம். எத்தனை ரூபாய் வரை தாமாகச் செலவிடலாம் என்று அந்தக் காவலாளிக்கு எவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டில் ஆளும் இருந்தார், தொலைபேசியும் இருந்தது. இல்லாதது அந்த ஒரு சொல்தான்.

தீவுகளின் நிலை

வங்காள விரிகுடாவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தில் சிறியவையும் பெரியவையுமாக எண்ணூறுக்கு மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் உள்ளன. மக்கள் வாழ்பவை முப்பது அளவிலானவையே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 3.8 இலட்சம் பேர். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பயணிக் கப்பலில் மூன்று நாள் அளவு ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டும் இங்கு மழை தருகின்றன. அக்டோபர் முதல் மே வரை சுற்றுலாப் பயணிகள் வருகை. பிறகு கடல் கொந்தளிக்கும் மாதங்கள்.

இங்கு வாடகைத் தொழில் இரு வகைப்படும். ஒன்று, மாற்றலாகி வரும் அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஆசிரியர் முதலியோருக்குப் போர்ட் பிளேரில் வீடு விடுவது. மற்றொன்று, ஹேவ்லாக், நீல் போன்ற தீவுகளில் பயணிகளுக்கு நாள் வாடகையில் அறை விடுவது. (இவ்விரு தீவுகளும் 2018 டிசம்பரில் முறையே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு எனப் பெயர் பெற்றன.) ஒரே குடும்பம் இரண்டையும் நடத்துவது அரிதன்று. விளக்கத்தின் பொருட்டு அத்தகைய ஒரு தொழிலைக் கற்பனை செய்து கொள்வோம்: போர்ட் பிளேரில் நான்கு வீடுகள், ஹேவ்லாக்கில் ஆறு அறைகள், உரிமையாளரும் அவர் மனைவியும் போர்ட் பிளேரில் வசிப்பு. இதில் பெரிய முதலாளி எவருமில்லை. ஆனால் இத்தகைய குடும்பம் நிர்வாகத்தைச் சமாளிக்க இயலாமல் சோர்ந்தால், முழு இடத்தையும் வெளியிலிருந்து வரும் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடும். பின்னர் தொழிலின் ஆதாயம் தீவைவிட்டு வெளியேறும். உள்ளூரார்க்கு மிஞ்சுவது நிலையான குத்தகைத் தொகை மட்டுமே. ஆகவே இந்தச் சிறு நிர்வாகச் சிக்கல் தீவுகளின் வளர்ச்சியைப் பற்றியதும் ஆகும்.

வேலையை அளத்தல்

எத்தனை பேர் தேவை என்ற கேள்வியை, எத்தனை அறைகள் என்பதிலிருந்து தொடங்குவது பொது வழக்கம். அது தவறான தொடக்கம். வேலை எந்த நேரத்தில் குவிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தீவில் அந்த நேரத்தைப் படகின் கால அட்டவணையே வகுக்கிறது.

ஆறு அறைகளில் ஒரு நாள் நான்கு அறையினர் காலிசெய்கின்றனர், இரண்டு அறையினர் தொடர்ந்து தங்குகின்றனர் எனக் கொள்வோம். காலியான அறையைத் தூய்மை செய்து விரிப்பு மாற்ற 45 நிமிடம். தங்கும் அறைக்கு 20 நிமிடம். மொத்தம் 220 நிமிடம், அதாவது நான்கு மணிக்கும் குறைவு. ஒருவர் போதும் என்றே தோன்றும். ஆனால் புறப்படுவோர் எல்லாரும் காலைப் படகுக்குப் போகின்றனர்; வருவோர் எல்லாரும் அடுத்த படகில் ஒன்றாக வந்து இறங்குகின்றனர். இடையிலுள்ள நேரம் இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். தங்கும் இரு அறைகளின் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளினாலும், நான்கு அறைகளுக்கு 180 நிமிடம் வேண்டும். எனவே அந்த இரண்டரை மணிக்கு மட்டும் இரண்டாவது கை தேவை. மின்சார நிலையத்தில் உச்சச் சுமை என்று சொல்வார்களே, அதே நியாயந்தான். உச்சச் சுமைக்கென முழுநேர ஆளை அமர்த்தினால் எஞ்சிய நேரம் வீணாகும். அமர்த்தாவிட்டால் வந்த விருந்தினர் பெட்டியுடன் வெயிலில் காத்திருப்பர். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் அந்த நேரத்துக்கு மட்டும் வந்து போவது இருவருக்கும் உகந்த ஏற்பாடு. அவருக்கு மணிக்கணக்கில் கூலி தரும்போது, நிர்வாகம் அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரவு பகலாக ஒருவர் இருக்க வேண்டும் என்று பல உரிமையாளர்கள் எண்ணுகின்றனர். வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. ஒருவர் 48 மணி நேரம் உழைத்தால், ஒரே ஓர் இடத்தை எப்போதும் நிரப்பி வைக்க மூன்றரை ஆள் தேவை. விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நான்கு. ஆறு அறைத் தொழில் இதைத் தாங்காது. நடைமுறையில் என்ன நிகழ்கிறது? காவலாளி ஒருவரே இரவும் பகலும் ‘இருக்கிறார்’. அவருக்கு ஒரு மனிதரின் ஊதியம் கிடைக்கிறது. இது நீதியும் அன்று, நெடுநாள் நிற்பதும் அன்று. வளாகத்திலேயே வசிக்கும் காவலாளிக்கு வேலை நேரம், அழைத்தால் வரும் நேரம், முழு ஓய்வு என மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுப்பதே நேர்மையான வழி. ஓய்வு நாளன்று அழைப்பை ஏற்பவர் யார் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இங்கு ஒரு சொல். உரிமையாளரின் மனைவி முன்பதிவு ஏட்டைப் பராமரிக்கிறார், மகன் படகுத் துறைக்குச் சென்று விருந்தினரை அழைத்து வருகிறான் என்றால், அவர்களுடைய உழைப்புக்கு ஏட்டில் விலையே இடப்படுவதில்லை. இலாபம் என்று குடும்பம் மகிழ்வதில் ஒரு பகுதி உண்மையில் அவர்கள் தமக்குத் தந்து கொள்ளாத சம்பளம். மகன் மேற்படிப்புக்குத் தாய்நிலம் போகும் ஆண்டில் இந்த உண்மை திடீரென வெளிப்படும். மாணவர்கள் இத்தகைய சிறு தொழில்களின் கணக்கை ஆராயும்போது இதைக் கவனிப்பது நலம்.

மின்சாரமும் குழாயும் பழுதுபார்க்கும் தொழிலாளியைத் தனியாக அமர்த்த ஆறு அறைகளும் நான்கு வீடுகளும் போதா. ஆனால் அவர் இல்லாமல் ஒரு வாரமும் ஓடாது. பொருளியலில் பகுக்க முடியாத உள்ளீடு என்று குறிப்பிடப்படும் வகை இது. அரை ஆளை வாங்க முடியாது. ஆனால் மூன்று உரிமையாளர்கள் சேர்ந்து ஓர் ஆளைப் பகிர்ந்து கொள்ள முடியும். மாதந்தோறும் நிலையான தொகையை மூவரும் தந்து, ஒவ்வொரு வேலைக்கும் தனிக்கூலியும் தரலாம். நிலையான தொகை எதற்கு என்று கேட்பவர் உண்டு. அழைத்தால் வருவார் என்ற உறுதிக்கான விலை அது.

விடுப்பு என்னும் கணக்கு

தமிழகத்தில் ஊழியர் 15 நாள் விடுப்பு கேட்டால் 15 நாளுக்கு மாற்று ஆள் தேட வேண்டும். தீவில் தமிழகத்திலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்து பணிபுரிபவர் கப்பலில் ஊருக்குப் போனால், போக மூன்று நாள், வர மூன்று நாள். அத்துடன் கப்பல் நாள்தோறும் இல்லை. புறப்படும் தேதியும் மாறலாம். ஆக 15 நாள் விடுப்பு மூன்று வாரமாவது திண்ணம். ஒரு மாதமென்று திட்டமிடுவதே விவேகம். வானூர்தியில் போகலாம், பருவகாலத்தில் அதன் கட்டணம் அவர் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரு வழிப் பயணத்துக்காவது உரிமையாளர் உதவினால், இழக்கப்படும் நாட்கள் குறையும். கணக்கிட்டுப் பார்த்தால் மாற்று ஆளின் கூலியைவிட அது மலிவாக இருக்கும் நேரங்களும் உண்டு.

விடுப்பை ஜூன் முதல் செப்டம்பர் வரையில் வைத்துக் கொள்வது இயல்பு. அப்போது அறைகள் காலியாக இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் தீவுகளுக்கிடையே படகு நின்று போகிறது. மாற்று ஆள் வந்து சேர்ந்த பிறகே விடுப்பில் செல்பவர் படகேற வேண்டும் என்ற விதி இதனால் பிறக்கிறது. அவ்விருவரும் சேர்ந்து இரண்டு நாளாவது பணிபுரிந்தால், சாவிகள், தண்ணீர்த் தொட்டியின் அளவு, மின்னாக்கியின் கோளாறுகள், கடன்தரும் கடை ஆகியவை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் சம்பளம் வீண் என்று கருதி இதைக் கைவிடுவோர் பின்னர் வருந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

அதிகாரத்தைப் பகிர்தல்

மோட்டார் நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் நன்கு தெரியும். எந்த நிலை அலுவலர் எவ்வளவு தொகை வரை தாமே ஒப்புதல் தரலாம் என்று அவை வரையறுக்கின்றன. நிரந்தர முன்பணம் என்ற ஏற்பாடும் உண்டு. செலவிட்ட பின் ரசீதுகளைக் காட்டி மீண்டும் நிரப்பிக் கொள்ளலாம். சிவப்பு நாடா என்று நம்மைக் கேலி செய்பவர்கள் தம் சொந்தத் தொழிலில் இந்த அளவுக்குக்கூட அதிகாரம் பகிர்வதில்லை என்பது என் அனுபவம்.

நம் எடுத்துக்காட்டுத் தொழிலில் காவலாளியிடம் 5,000 ரூபாய் நிலை முன்பணம் இருக்கட்டும். ஒரு பழுதுக்கு 2,000 ரூபாய் வரை அவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றே தெரிவித்தால் போதும். 2,000 முதல் 10,000 வரை உரிமையாளரைக் கேட்க வேண்டும். ஆனால் தண்ணீர், மின்சாரம், உயிர்ப் பாதுகாப்பு ஆகியவை பற்றியதாக இருந்து, ஆறு மணி நேரம் முயன்றும் தொடர்பு கிடைக்காவிட்டால், அவரே செய்து முடிக்கலாம். அதற்கு மேற்பட்டது உரிமையாளர் முடிவு. தொகைகள் ஒவ்வொரு தொழிலுக்கும் மாறும். ‘தொடர்பு கிடைக்காவிட்டால்’ என்ற சொற்றொடர் மட்டும் எந்தத் தீவுத் தொழிலின் ஆவணத்திலும் விடுபடலாகாது. ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எழும். அதிகபட்ச இழப்பு முன்பணத்தின் அளவே; அதனுடன், தண்ணீரில்லாமல் இரு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்வதால் நேரும் இழப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சட்டமும் இப்போது இத்திசையில் நகர்ந்துள்ளது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மாதிரிச் சட்டம் தானாக எங்கும் செல்லுபடியாகாது. மாநிலங்கள் தத்தம் சட்டமாக அதை இயற்ற வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. அரசமைப்பின் 240ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை விதிகளைப் பிறப்பிக்கலாம். அவ்வழியிலேயே 2023 அக்டோபரில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் வாடகை ஒழுங்குமுறைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மாதிரிச் சட்டத்தில் நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படும் கூறு, சொத்து மேலாளர் என்பவருக்கு அது அளிக்கும் இடம். வீட்டுரிமையாளர் தம் சார்பில் ஒருவரை அமர்த்தினால், அவர் பெயர், அவருக்கு அதிகாரம் அளித்ததற்கான சான்று, எந்தெந்தக் காரியங்களுக்கு, எவ்வளவு காலத்துக்கு அந்த அதிகாரம் என்பவற்றைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது தந்து வாடகை வாங்குவது, இன்றியமையாத பழுதுகளைச் செய்விப்பது, வீட்டை அவ்வப்போது பார்வையிடுவது, அறிவிப்புகள் தருவது, பூசல்களைத் தீர்க்க உதவுவது ஆகியன அவர் கடமைகள். நான் குடியிருந்த வீட்டில் இல்லாமற் போன அந்த ஒரு சொல் இப்போது சட்ட வடிவம் பெற்றுள்ளது எனலாம்.

மேலும், வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலோ மின்வழியிலோ அறிவிப்புத் தர வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பும் மறைவுக்குப் பின்பும் நுழையலாகாது. தீவுகளில் இது கவனத்துக்குரியது. இந்திய நேரம் கணிக்கப்படும் நெடுங்கோட்டுக்கு இத்தீவுகள் பத்துப் பாகை கிழக்கே உள்ளன. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். அலுவலகம் முடிந்து போய்ப் பார்க்கலாம் என்ற தமிழகப் பழக்கம் இங்குச் செல்லாது. பழுதுபார்ப்பவரின் நாள் காலை 6 மணிக்கே தொடங்குமாறு அமைப்பதே பொருத்தம்.

வீட்டு வாடகைக்கான வைப்புத் தொகை இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது, ஒப்பந்தம் ஏற்பட்ட இரண்டு மாதத்துக்குள் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாடகையை மாற்ற மூன்று மாதம் முன் அறிவிப்பு வேண்டும் என்று மாதிரிச் சட்டத்தில் காலக்கெடுக்கள் பல. எனவே நான்கு வீட்டுக்கும் ஒரு தேதிப் பதிவேடு தேவை. விடுதிகளும் தங்கும் இல்லங்களும் இச்சட்டத்தின் வரையறையில் அடங்கா. ஆகவே ஹேவ்லாக் அறைகளுக்கு வேறு விதிகள், போர்ட் பிளேர் வீடுகளுக்கு வேறு விதிகள். ஒரே ஏட்டில் இரண்டையும் கலப்பது குழப்பத்துக்கு இடமளிக்கும்.

கம்பிவடம் வந்த பின்

2020 வரை இத்தீவுகளின் தரவுத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. மெதுவானது, விலை மிகுந்தது, மழை வலுத்தால் தடுமாறுவது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. பணியை நிறைவேற்றியது பி.எஸ்.என்.எல். நிறுவனம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் வடம் செல்கிறது. முன்பதிவு, பணப் பரிமாற்றம், விருந்தினருடன் கடிதத் தொடர்பு எல்லாவற்றின் முகமும் இதனால் மாறியது.

ஆயினும் வடம் வந்ததும் தகவல் தொடர்புச் சிக்கல் தீர்ந்தது என்று கருதுவது பிழை. முன்பு செய்தி வரவில்லை என்பது குறை. இப்போது பல வழியாகச் செய்தி வருவது குறை. உரிமையாளரின் கைப்பேசியில் ஒரு முன்பதிவு. இணைய முகவர் நிறுவனம் மூலம் மற்றொன்று. படகுத் துறையில் இறங்கி நேராக வந்து கேட்பவருக்குக் காவலாளி தரும் அறை மூன்றாவது. ஒரே அறையை இருவருக்கு வாக்களித்துவிடும் விபத்து இவ்வாறே நிகழ்கிறது. நகரத்தில் என்றால் அடுத்த தெரு விடுதிக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். தீவில் கடைசிப் படகு போன பின், பருவகாலத்தில், கைக்குழந்தையுடன் நிற்கும் குடும்பத்தை எங்கே அனுப்புவது?

இதற்கான மருந்து எளியது. முன்பதிவுக்கு ஒரே ஏடு. அதில் எழுதும் உரிமை ஒரே ஒருவருக்கு. மற்றவர்கள் யாவரும் அவரைக் கேட்டே வாக்களிக்க வேண்டும். தொடர்பு அறுந்திருக்கும் நேரத்துக்கென ஆறு அறைகளையும் பங்கிட்டு வைக்கலாம்: நான்கு அலுவலகத்தின் பங்கு, இரண்டு காவலாளியின் பங்கு. தொடர்பு உள்ளபோது ஆறும் பொது. தொடர்பு இல்லாதபோது அவரவர் தத்தம் பங்கைத் தாண்டுவதில்லை. இதனால் சில இரவுகள் ஓர் அறை காலியாகக் கிடக்கலாம். அந்த ஓர் இரவு வாடகை, இரட்டை வாக்குக்கு எதிராக நாம் செலுத்தும் காப்பீட்டுத் தவணை எனக் கொள்க. இரண்டா, ஒன்றா என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், தொடர்பு எத்தனை முறை, எவ்வளவு நேரம் அறுந்தது என்று குறித்து வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

தொழிலுக்கெனத் தனித் தொலைபேசி எண் தேவை. உரிமையாளரின் சொந்த எண்ணே தொழிலின் எண்ணாக இருந்தால், அவர் மருத்துவத்துக்காகச் சென்னை செல்லும் நாளில் தொழிலும் அவருடன் மருத்துவமனையில் படுத்துவிடும். எண் தொழிலுடையதாக இருந்தால், அந்தக் கருவியை மனைவியிடமோ எழுத்தரிடமோ தந்துவிட்டுப் போகலாம்.

செய்தியின் வடிவம் பற்றியும் சிந்திக்க வேண்டும். 2011 கணக்கின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் கால் பங்குக்கு மேல். தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி, மலையாளம் பேசுவோரும் உளர். எல்லாரும் பேச்சில் இந்தியைக் கையாள்கின்றனர். ஆனால் இந்தியில் சரளமாகப் பேசும் ஒருவர் வங்காள எழுத்தையோ தமிழ் எழுத்தையோ மட்டும் வாசிக்கக் கூடியவராக இருக்கலாம். இதை எவரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டறிய வேண்டும். இக்காரணத்தாலேயே குரல் பதிவாகச் செய்தி அனுப்பும் பழக்கம் பரவியுள்ளது. அது வசதியானது, ஆனால் பத்து நாள் கழித்து எந்தத் தேதி சொன்னார் என்று தேடினால் அகப்படாது. பெயர், தேதி, அறை எண், தொகை ஆகிய நான்கையும் எப்போதும் எழுத்திலும் எண்ணிலும் அனுப்புவது, மற்றவற்றைக் குரலில் சொல்வது என்ற உடன்பாடு நடைமுறைக்கு ஏற்றது. பெற்றவர் ‘கிடைத்தது’ என்றும், வேலை முடிந்ததும் ‘முடிந்தது’ என்றும் இரு தனிப் பதில்கள் தர வேண்டும். முதல் பதிலை இரண்டாவதாக எண்ணி ஏமாந்த மேலதிகாரிகள் அரசு அலுவலகங்களிலும் குறைவில்லை.

சட்டத்தின் பொருட்டு அனுப்ப வேண்டிய செய்திகளும் உள்ளன. அயல்நாட்டவர் ஒருவர் தங்கினால் அவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றப் பதிவு அதிகாரிக்கு மின்வழியே தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று தொழிலில் நெடுங்காலமாக வழங்கி வருவது இதுவே. ஹேவ்லாக்கில் தங்கும் விருந்தினருக்குப் போர்ட் பிளேர் எழுத்தர் படிவம் நிரப்புவாரானால், கடவுச்சீட்டின் படம் முதல் ஒரு மணி நேரத்திலேயே அவருக்கு வந்து சேர வேண்டும். இது காவலாளியின் வேலைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும், நினைவுக்கு விடலாகாது.

படகு நிற்கும் நாள்

2016 டிசம்பர் முதல் பத்து நாட்களில் அந்தமானுக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு, பின்னர் வர்தா என்ற பெயருடன் சென்னையைத் தாக்கிய புயலாயிற்று. அது தீவுகளை அலைக்கழித்த நாட்களில் படகுகள் நின்றன. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக் கொண்டனர். கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் சென்று அவர்களை மீட்டன.

அந்த நாட்களை ஒரு சிறு விடுதியின் கண்கொண்டு பார்ப்போம். இருப்பவர் போக முடியவில்லை. வர வேண்டியவர் வர முடியவில்லை. அதிகப்படியாகத் தங்கும் இரவுகளுக்கு முழு வாடகையா, பாதியா, இலவசமா? வர இயலாதவருக்கு முன்பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு தேதிக்கு மாற்றுவதா? அரிசியும் டீசலும் எத்தனை நாளுக்கு உள்ளன? விருந்தினரின் உறவினர் தாய்நிலத்திலிருந்து அழைத்தால் பதில் சொல்பவர் யார்? விடுப்பு முடிந்து வர வேண்டிய சமையற்காரர் போர்ட் பிளேரில் நிற்கிறார். அடுப்பைப் பார்ப்பது யார்? காற்றும் மழையும் அடிக்கும்போது இவற்றுக்கு விடை தேடுபவர் காவலாளி ஒருவரே. முன்கூட்டி விடை எழுதப்படாவிட்டால் அவர் இரண்டில் ஒன்று செய்வார்: முழு வாடகை கேட்டு விருந்தினரின் சாபத்துக்கு ஆளாவார், அல்லது எதையும் கேட்காமல் பின்னர் உரிமையாளரின் கோபத்துக்கு ஆளாவார். என் கருத்தில் பாதி வாடகையும் உணவுக்கான அசல் செலவும் இரு தரப்பும் ஏற்கத்தக்க விதி. முன்பதிவு உறுதிச் சீட்டிலேயே அதை அச்சிட்டுவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளில் விளைத்த அழிவை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் கடலோரத்தில் அறை விடும் எவரும் மறக்கக் கூடாத ஒரு சிறு கடமை, ஒவ்வோர் இரவும் தங்குவோர் பட்டியலின் ஒரு படியைக் கட்டிடத்துக்கு வெளியே வைப்பது. போர்ட் பிளேர் அலுவலகத்துக்கு இரவு 8 மணிக்கு அனுப்பப்படும் ஒரு வரிச் செய்தி போதும்: எத்தனை பேர், எந்தெந்த அறை. மேட்டு நிலத்துக்குச் செல்லும் வழி எது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மணி நேரத்தில் காட்டுவது பகுதி நேரப் பணியாளருக்கும் பழக்கப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் அந்நேரத்தில் காவலாளி படகுத் துறையில் இருக்கக் கூடும்.

மேலே கூறியவற்றைத் தொகுத்தால் நம் எடுத்துக்காட்டுத் தொழிலுக்குத் தேவை: போர்ட் பிளேரில் அரைநாள் எழுத்தர் ஒருவர், ஹேவ்லாக்கில் மேலாளர் அதிகாரம் கொண்ட காவலாளி ஒருவர், முழுநேரத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், உச்ச நேரத்துக்கு ஒருவர், மூவர் பகிரும் பழுதுபார்ப்பவர் ஒருவர். ஏடுகள்: முன்பதிவு ஏடு, வீட்டு வாடகைத் தேதிப் பதிவேடு, முன்பணக் கணக்கு, தொடர்பு அறுந்த நேரங்களின் குறிப்பு. இவற்றுடன் இரண்டு பக்கத்துக்கு மிகாத ஓர் அதிகாரப் பகிர்வுத் தாள், காவலாளி வாசிக்கும் மொழியில், அவர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூனில், அறைகள் காலியாகி மழை பிடித்துக் கொண்ட பின், எல்லாரும் ஒரு நாள் கூடி நான்கு ஏடுகளையும் புரட்டி, கடந்த பருவத்தில் படகு நின்ற நாட்களையும் தொடர்பு அறுந்த மணிகளையும் எண்ணி, அதற்கேற்ப அந்தத் தாளில் உள்ள தொகைகளையும் அறைப் பங்கையும் திருத்திக் கையொப்பமிடுவர். அந்தக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் காவலாளி.